மேகத்துக்குள் போனால் வெடிக்கும் ஜீப்

முதல் சத்தம் கேட்டபோது டயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் ஏழாவது கொண்டை ஊசி வளைவு. திங்கட்கிழமை காலை, சுற்றிலும் மேகம் இறங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் என் மனைவி, ஐந்து மாதம். இரண்டாவது கியருக்கு மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டிக்கு அடியிலிருந்து யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்ட மாதிரி ஒரு சத்தம். உடனே இன்னொன்று. ஜீப் குலுங்கித் திணறி, பிறகு ஒன்றுமே நடக்காதது போல மேலே ஏறியது.

திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் முன்கண்ணாடி வழியாகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்ல. ரோட்டப் பாருங்க” என்றாள்.

அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் இன்னும் நான்கு முறை வெடித்தது. அவளை இறக்கிவிட்டு நான் தனியாக மலையிறங்கியபோது வெயில் வந்திருந்தது. வழி நெடுக ஒரு சத்தம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வெடிக்கிற வண்டியை என்ன சொல்வது?

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. முதல் தடவை, அவள் மலையிலிருந்து பஸ்ஸில் வந்த மறுநாள். பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று தேனியில் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். எனக்கு அது புரிந்தது. ஆனாலும் அந்தப் பஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இரண்டாம் தடவை அல்லிநகரத்தில் அவள் அம்மா வீட்டில் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருந்தாள். அப்படியும் தங்கவில்லை. அதனால் இந்த மூன்றாம் தடவை அவள் ஒரே முடிவாக இருந்தாள். டாக்டரம்மா போகக்கூடாது என்று சொல்லும் நாள் வரைக்கும் வேலைக்குப் போவேன் என்றாள்.

வேலை என்பது மலை உச்சியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இரண்டே ஆசிரியைகள். திங்கட்கிழமை காலையில் போய், பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இன்னொரு டீச்சருடன் தங்கி, வெள்ளிக்கிழமை மாலை இறங்குவாள். பஸ் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என்னிடம் இருந்தது ஒரு பழைய பெட்ரோல் ஜீப். என்னைவிட இரண்டு வயதுதான் இளையது. உரக் கடைக்கு மூட்டை ஏற்ற வாங்கியது. அவள் உட்காரும் இடத்தில் நான்கு விரல் தடிமனுக்கு ஃபோம் வைத்துத் தைத்தேன். குழி வந்தால் வண்டியை நடக்கவிட்டுத்தான் ஏற்றுவேன். பஸ்ஸை ஓட்டுவது யாரோ ஒருவர், ஜீப்பை ஓட்டுவது நான் என்பதுதான் என் தைரியம்.

இன்னொரு தைரியமும் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் வண்டிக்குப் பூஜை போடுவேன். இங்கே எல்லோரும் போடுவதுதான். கண்ணாடியில் மூன்று விரலால் ஒரு பட்டை, அதன் மேல் குங்குமம், முன்னால் ஒரு எலுமிச்சை. ஐந்தாம் மாதம் தொடங்கிய வாரத்தில் நான் எல்லோரையும் விட ஒரு படி மேலே போனேன். மலையேற்றுவது இன்ஜின், பொட்டு வைப்பது கண்ணாடிக்கா என்று பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் தலை கொதிக்கும், அங்கே வைத்தால் காய்ந்து உதிர்ந்துவிடும். அதன் பக்கத்தில் உருண்டையாக ஒரு கறுப்பு மூடி இருந்தது. அதன் உச்சியிலிருந்து ஐந்து தடித்த வயர்கள் குடுமி போலக் கிளம்பின. அதற்குப் பெயர் என்ன என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. நெற்றி மாதிரி வாகாக இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அங்கே மூன்று விரலால் இழுத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

சின்னமனூர் பைபாஸில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் கடைக்கு வருகிற எல்லோரையும் அண்ணே என்பார். அந்தத் திங்கட்கிழமை மதியமே வண்டியை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்து இடைவெளி பார்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி மாட்டினார். டைமிங் சரி பார்த்தார். அந்த வாரம் உரக் கடை வேலையாகத் தேனிக்கும் கம்பத்துக்கும் போய் வந்தேன். ஒரு சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை மலைக்குப் போனபோது வானம் வெளுத்திருந்தது. அன்றும் சத்தம் இல்லை. விட்டது சனியன் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதாவது வளைவில் மேகத்துக்குள் நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பட்டென்று வெடித்தது. நான் அவளைப் பார்த்தேன். “ரோட்டப் பாருங்க” என்றாள். மறுபடி வெடித்தது. மறுபடி பார்த்தேன். இப்படியே மேலே வரைக்கும்.

இறங்கி வந்ததும் நேராக மெக்கானிக் கடைக்குத்தான் போனேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே, ஐந்து மாதக் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு மலையில் நான் படுகிற பாடு உங்களுக்கு எப்படித் தெரியும், என்று கடை வாசலில் நின்று கத்தினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எம் முன்னால ஒரே ஒரு தடவ வெடிக்கச் சொல்லுங்க. அப்பறம் திட்டுங்க, வாங்கிக்கிறேன்” என்றார்.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். “ஏறயிலயா, எறங்கயிலயா? கால மெதிக்கயில அடிக்குதா, விடயில அடிக்குதா? பின்னால சைலன்சர் வழியா வருதா, முன்னால இருமுற மாதிரி வருதா? சூடானப்பறமா, எடுத்த ஒடனயா?”

சத்தம் வந்த நேரத்தில் நான் வண்டியைக் கவனிக்கவே இல்லை. அதை ஒத்துக்கொள்ள மனம் வராமல், “இதெல்லாம் கேட்டா கண்டுபிடிப்பாக?” என்றேன்.

“கேட்டுத்தாண்ணே கண்டுபிடிக்கணும். நெருப்பு வரவேண்டிய நேரத்துல வராம வேற நேரத்துல வந்தா வெடிக்கும். வரவேண்டிய சிலிண்டர விட்டுட்டு வேற சிலிண்டருக்குப் போனாலும் வெடிக்கும். கால விடயில வெடிச்சா சைலன்சர் பக்கம் பாக்கணும். மெதிக்கயில வெடிச்சா வேற எடத்துல பாக்கணும். ஒவ்வொரு தடவயும் என்ன ஏதுன்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வாங்க.”

அன்று மாலை இதை அவளிடம் போனில் சொன்னேன். “நீங்க ஓட்டுங்க, நான் எழுதுறேன். இதுவரைக்கும் வெடிச்சதையும் ஞாபகத்துலயிருந்து எழுதிர்றேன்” என்றாள். டீச்சரிடம் நோட்டுக்கா பஞ்சம்.

நான் என் பங்குக்கு வெள்ளிக்கிழமைப் பூஜையோடு திங்கட்கிழமை விடியற்காலைப் பூஜையையும் சேர்த்துக்கொண்டேன். பழைய சந்தனத்தின் மேலேயே புதுச் சந்தனம். சத்தம் கூடக் கூடச் சந்தனமும் கூடியது.

மூன்றாவது திங்கட்கிழமைதான் நான் மறக்க முடியாத நாள். அடிவாரத்தில் வனத்துறை சோதனைச் சாவடியில் காவலர் வண்டியை நிறுத்தினார். எங்களைத் தெரிந்தவர்தான்.

“பதினோராவது வளைவுகிட்ட ஆன நிக்குது சார், குட்டியோட. ஆரனடிக்காம, சத்தங்காட்டாமப் போயிருங்க” என்றார். பிறகு வண்டியைப் பார்த்துவிட்டு, “இது வேட்டு போடுற வண்டியில்ல?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றேன். இன்னொரு டீச்சர் லீவு, நான் போகாவிட்டால் பள்ளிக்கூடம் திறக்காது என்றாள். மெதுவாக ஏறினோம். எட்டு, ஒன்பது, பத்து. மேகம் கண்ணாடியில் வந்து வந்து படிந்தது. வைப்பர் ஒரு பக்கம் முனகிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரில் காலை வைக்கவே பயமாக இருந்தது. மிதிக்காவிட்டால் வண்டி நின்றுவிடும், மிதித்தால் வெடிக்கும். ‘வெடிக்காதே, வெடிக்காதே’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பதினோராவது வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன். அப்போது வெடித்தது பாருங்கள், அதற்கு முன் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. கீழே மூங்கிலுக்குள் எதுவோ மடமடவென்று ஒடிந்தது. வண்டி பள்ளத்துப் பக்கத்துச் சுவரை நோக்கி இழுத்தது. சுவர் எங்களை நோக்கி வருவதைப் பார்த்தேன். பிறகு எப்படியென்று தெரியாது, யார் செய்த புண்ணியமோ, ஜீப் தானாகத் திரும்பிப் பாதைக்கு வந்துவிட்டது. ஆனையை நாங்கள் பார்க்கவே இல்லை.

மேலே போய் வண்டியை நிறுத்தினேன். அவள் நோட்டை எடுத்து எதையோ எழுதினாள். எழுதி முடித்துப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

மெக்கானிக்கிடம் இப்போது இன்னொரு புகாரும் சேர்ந்துகொண்டது. “ஸ்டியரிங்கும் எடது பக்கம் இழுக்குது” என்றேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி அரை மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு இணைப்பையும் கையால் ஆட்டிப் பார்த்தார்.

“ஸ்டியரிங்ல ஒண்ணுமே இல்லண்ணே” என்றார். எனக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது.

விஷயம் எப்படியோ அல்லிநகரத்துக்கும் எட்டிவிட்டது. மாமியார் போனில் அழுதார். “மாப்ள, டாக்டரம்மா போகலாம்னு சொன்னாக, வேணாங்கல. ஆனா வேட்டுச் சத்தத்துல போகச் சொன்னாகளா? புள்ளயக் கொண்டாந்து இங்கன விட்டுருங்க.” அதைத்தான் நானும் விரும்பினேன். அந்த வெள்ளிக்கிழமை மலையிறங்கும்போதே பேச்சை எடுத்தேன். அன்றும் மேலே மேகம், மேடான இரண்டு இடத்தில் வெடித்தது. எட்டாவது வளைவுக்குக் கீழே வெயில் வந்ததும் நின்றுவிட்டது.

அவள் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். பிறகு சொன்னாள். “போன தடவ மூணு மாசம் படுத்தே கெடந்தேன். விட்டத்தப் பாத்துக்கிட்டு, இன்னைக்கு என்ன ஆகுமோ, நாளைக்கு என்ன ஆகுமோன்னு. அங்கன இருந்தா பிள்ளைக பாடம் கேக்கும், சண்ட போடும், எனக்கு அந்த நெனப்பே வராது. மறுபடி கட்டில்ல படுத்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.” ஒரு வளைவு தாண்டியதும், “திங்கக்கிழமைக்குள்ள வண்டி சரியாகலன்னா லீவு போட்டுர்றேன். சரியா?” என்றாள். நான் சரி என்றேன்.

ஊருக்குள் நுழையும்போது வேறொன்றும் சொன்னாள். “மெக்கானிக்குகிட்ட ஒண்ணு சொல்லுங்க. மெதிக்கயில மட்டுந்தான் வெடிக்குது. அதுவும் மேகத்துக்குள்ள போயிக் கொஞ்ச நேரம் ஆனப்பறந்தான். நோட்டுல எல்லாத் தடவயும் அப்பிடித்தான் இருக்கு. வெயில்ல ஒரு தடவகூட இல்ல.”

மறுநாள் சனிக்கிழமை இதை அவரிடம் சொன்னபோது, கையில் இருந்த டீ டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?” என்றவர், பக்கத்து சலூனுக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலை வாங்கி வந்தார். கடைக்குள்ளிருந்து ஒரு கனத்த போர்வையை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டார். பானெட்டைத் திறந்து, போர்வை ஃபேன் பக்கம் போகாதபடி ஓரத்தை வயிற்றால் அழுத்திக்கொண்டு, தலைக்கு மேல் போட்டுக் குனிந்தார். பட்டப்பகலில் ஒரு ஆள் ஜீப்புக்குள் தலையை விட்டு முக்காடு போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்க, ரோட்டில் போன ஷேர் ஆட்டோவே மெதுவானது. உள்ளே புஸ் புஸ் என்று தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது.

“ஆக்சிலேட்டர மெதிங்கண்ணே.”

மிதித்தேன். பட்டென்று வெடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம் வந்தது. மறுபடி மிதித்தேன். மறுபடி வெடித்தது.

“நீங்க வந்து பாருங்க” என்று என்னைக் கூப்பிட்டு, போர்வையை என் தலைக்கு மேலும் இழுத்துவிட்டார். உள்ளே பெட்ரோல் வாடையும் இருட்டும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியதும் பார்த்தேன். அந்தக் கறுப்பு மூடியின் மேல், ஒரு வயரின் அடியிலிருந்து பக்கத்து வயரின் அடிக்கு நீலமாக ஒரு நூல் ஓடி ஓடி மறைந்தது. நேராக ஓடவில்லை. லேசாக வளைந்து ஓடியது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மங்கலாக மூன்றாவது. என் மூன்று விரலும் போன வழியில்தான் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது.

போர்வையை எடுத்தார். வெளிச்சத்தில் கண் கூசியது.

“இதுலயிருந்துதான் ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டு பிரிஞ்சு போகுது. காஞ்ச சந்தனம்னா ஒண்ணும் பண்ணாது. இங்கன வெயில்ல நீங்க எத்தன நாளு ஓட்டினாலும் வெடிக்காது. மேகத்துக்குள்ள போனா ஊறிருது. புழுதி, ஆயிலு எல்லாஞ் சேந்திருக்கு. ஊறிருச்சுன்னா அதுவும் ஒரு வயரு மாதிரித்தான். ஒண்ணுக்குப் போக வேண்டியது பக்கத்து வயருக்குத் தாவுது. மெதிக்கயில இன்னுந் தாவும்.” நகத்தால் சுரண்டினார். சந்தனம் ஏடு ஏடாக வந்தது. “எத்தன பூச்சு. மொதத் தடவ நான் பாக்கயில ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. சாமி காரியமாச்சேன்னு கை வைக்காம விட்டுட்டேன். எந் தப்புந்தான். யாருண்ணே பூசுனது?”

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் நெற்றியைப் பார்த்தார். அதில் அதே மூன்று விரல் பட்டை இருந்தது.

போன வாரம் அவர் வாசலில் நின்று நான் கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தனத்தின் அடியில் மூடி கருகி மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது, துடைத்தாலும் இனி ஆகாது என்று புது மூடியும் புது வயர்களும் மாட்டினார். பாட்டில் தண்ணீர் முழுவதையும் அடித்துப் பார்த்தார். இன்ஜின் பாட்டுக்கு ஓடியது.

“சாமி கும்புடறத விட்றாதீக. கண்ணாடில வைங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் யோசித்ததை எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னால் திங்கட்கிழமை அவள் மலையேறுவாள். சரியாகவில்லை என்று சொன்னால் வீட்டில் இருப்பாள். உண்மை தெரிந்தவர் மெக்கானிக் ஒருவர்தான், அவர் வந்து சொல்லப்போவதில்லை. அவளாகத்தானே வாக்குக் கொடுத்தாள்? வண்டி வெடிக்காவிட்டால் மட்டும் மலைப்பாதை சமமாகிவிடுமா, ஆனை வழி விட்டுவிடுமா? எத்தனையோ நியாயம் தோன்றியது. வாசலில் வண்டியை நிறுத்தியபோது நான் முடிவு செய்திருந்தேன்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“பிடிபடல” என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தலையை ஆட்டிவிட்டு, மேசையில் உட்கார்ந்து லீவு லெட்டர் எழுத ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்து போய்ப் பையிலிருந்து நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். “இத அவருகிட்டக் குடுங்க. ஒருவேள ஒதவும். நீங்களும் ஒருக்கப் படிச்சுப் பாருங்க” என்றாள்.

கொண்டுபோய்க் கொடுப்பது போலப் பாவனை செய்ய வேண்டுமே, வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்து பிரித்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஐந்து கட்டம். நாள். எத்தனையாவது வளைவு. மேகம் உண்டா இல்லையா. மிதிக்கையிலா விடுகையிலா. ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு இல்லை. அதில் அவளுடைய குண்டு கையெழுத்தில் இருந்தது:

‘திரும்பிப் பார்த்தார்.’

‘திரும்பிப் பார்த்தார். இடது கையை எடுத்தார்.’

‘இடது கை.’

‘இடது கை. எதிரே லாரி.’

‘இடது கை.’

பதினோராவது வளைவுக்கு நேரே: ‘இரண்டு கையும். ஸ்டியரிங்கை நான் பிடித்தேன்.’

எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை தானாக அவள் வயிற்றுக்குப் போனது. அன்று இரண்டு கையும் போனது. வண்டி தானாகத் திரும்பவில்லை. ஐந்து மாத வயிற்றோடு குறுக்கே சாய்ந்து அவள் திருப்பியிருக்கிறாள். இந்த மூன்று வாரமும், ஒரு வார்த்தை சண்டை போடாமல், ‘ரோட்டப் பாருங்க’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. மிச்சப் பக்கங்களில் எங்கள் மகள் கிறுக்கி வைத்திருக்கிறாள்.

உள்ளே போய், வண்டி சரியாகிவிட்டது என்று சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன். பொய் சொன்னதையும் ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“வெடிச்ச சத்தத்துக்கு நான் பயப்படவே இல்ல” என்றாள். “வெடிக்குமே, ஒடனே இவரு கையெடுப்பாரேன்னு அதுக்குத்தான் பயந்தேன். போன தடவயும் அப்பிடித்தான். நான் படுத்திருக்கயில கதவுகிட்ட வந்து வந்து நின்னு என் மொகத்தையே பாத்தீக. நீங்க பாக்கப் பாக்க எனக்கு என்னமோ ஆகப்போகுதுன்னே தோணும்.”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“எத்தன தடவ சொன்னேன், ரோட்டப் பாருங்கன்னு.”

அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. பொய் சொன்ன கோபம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான், லீவு லெட்டரை மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டு, “கைய எடுக்க மாட்டேன்னு சொன்னீகன்னா வாரேன். இல்லன்னா பஸ்ஸுல போயிக்கிறேன்” என்றாள்.

திங்கட்கிழமை பானெட்டைத் திறக்கவில்லை. கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கிளம்பினேன். ஆறாவது வளைவில் மேகம் சூழ்ந்தது. ஏழு. எட்டு. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. பதினொன்றில் மிதித்தேன், ஜீப் சாதாரணமாக ஏறியது. பதினெட்டும் முடிந்தது. எனக்குக் கழுத்து வலித்தது, அவ்வளவு நேரம் ஒரு பக்கமும் திரும்பாமல் வைத்திருந்தேன்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் போகும்போது டமார் என்று ஒரு சத்தம். என் இடது கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். பாதையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வண்டி இல்ல” என்றாள் பக்கத்திலிருந்து. “ஏலக்காட்டுல ஆன வெரட்ட வேட்டுப் போடுறாக.”

“தெரியும்” என்றேன். தெரியாது.

நோட்டை எடுத்து எழுதுகிற சத்தம் கேட்டது. என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பிள்ளைகள் மழைக்கோட்டோடு வாசலில் காத்திருந்தார்கள். அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“பதிமூணாவது வளைவுலயிருந்து உதைக்குது” என்றாள். “இப்பக் கையக் குடுங்க.”